தராசின் நிறையைச் சீரியல் போர்ட் வழியே படிக்கும்போது புரொசசர் பயன்பாடு 100% ஆகிறது

மடுவம்_தலவாக்கலை | திங்கள், இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்தில் (கொழுந்தை நிறுத்துப் பதியும் கொட்டகை), மின்னணுத் தராசுடன் இணைக்கப்பட்ட சிறு கணினியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இரண்டு மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. அதன் நிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். குறிப்பு எதையும் எழுதி வைக்கவில்லை. வரிவரியாகப் படித்துத்தான் நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன்.

தராசின் காட்சிப் பெட்டியிலிருந்து ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்பு வடம் ஒன்று வருகிறது. அது யூஎஸ்பி மாற்றி ஒன்றின் வழியாக ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினிப் பலகையில் சேர்கிறது. வேகம் 9600 பாட். 8 தரவு பிட், பரிட்டி இல்லை, 1 நிறுத்தப் பிட். யாரும் கேட்காமலே வினாடிக்குப் பத்து முறை நிறையை அனுப்பிக்கொண்டிருக்கும்படி தராசு வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வரியும் 18 எழுத்து நீளம்: நிறை அசையாமல் நிற்கிறதா என்பதைச் சொல்லும் குறி, மொத்த நிறையா தேறிய நிறையா என்ற குறி, எண், கிலோ என்ற அலகு, கடைசியில் வரி முடிவைக் காட்டும் இரண்டு எழுத்துகள். நிரல் பைதானில், சீரியல் போர்ட்டைப் படிக்க உதவும் பைசீரியல் நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்டது.

காலை 6 மணிக்குப் பெரட்டு நேரத்தில் (தொழிலாளரை வேலைக்குப் பிரித்து அனுப்பும் நேரம்) கணினியைப் போடுகிறோம். போட்ட முதல் நிமிடத்திலிருந்தே புரொசசர் பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் பைதான் 100% காட்டுகிறது. மூடுபனிக்கும் மழைக்கும் பயந்து பலகையை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். அதன் வெப்பநிலை 74 பாகை செல்சியஸ். காலை நிறுவையில் திரையும் தராசும் ஒன்றாகவே ஓடுகின்றன. பகல் நிறுவை தொடங்கும்போது, சாக்கைத் தராசிலிருந்து இறக்கிய பிறகும் இரண்டு மூன்று வினாடிகளுக்குப் பழைய நிறை திரையில் நிற்கிறது. அந்த நிறுவை முடிவதற்குள் பின்னடைவு அரை நிமிடத்தை நெருங்கிவிடுகிறது. அணைத்துப் போட்டால் மீண்டும் சரியாகிறது.

கடந்த வெள்ளிக்கிழமை ஓர் அம்மாவின் 17 கிலோ, அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணின் பேரில் விழுந்துவிட்டது. கணக்குப்பிள்ளை வழக்கம்போலத் தன் கைப்புத்தகத்திலும் எழுதியிருந்தபடியால் அன்று மாலையே திருத்த முடிந்தது. அந்தப் புத்தகம் இல்லையென்றால் அந்த அம்மாவின் நாள் கொழுந்து குறைந்தே போயிருக்கும். அதனால்தான் இதைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

நிரலின் நடுப்பகுதி ஒரு முடிவில்லாத லூப். போர்ட் திறக்கும்போது டைம்அவுட் (தரவுக்காகக் காத்திருக்கும் நேரம்) 0 என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு பைட் கேட்கப்படுகிறது. பைட் வந்தால் அது ஒரு சரத்தின் கடைசியில் சேர்க்கப்படுகிறது. வரி முடிவு வந்ததும் அந்தச் சரம் முழுவதும் வரிகளாகப் பிரிக்கப்பட்டுக் கடைசி வரி திரைக்குப் போகிறது. இவை எல்லாம், எந்தப் பிழை வந்தாலும் பேசாமல் கடந்து போகும் ஒரு பிழைப்பொறிக்குள் இருக்கின்றன.

இதைவிட வேகமான பை 4 பலகை வாங்கித் தரும்படி அலுவலகத்தில் கேட்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் உங்கள் அபிப்பிராயம் வேண்டும்.

லிந்துலை_இளவல் | திங்கள், இரவு 9.05

அண்ணா, லூப்பின் கடைசியில் 0.01 வினாடி உறங்கும்படி ஒரு வரி சேருங்கள். என்னுடைய வானிலைக் கருவியில் இதையேதான் செய்தேன். 100% உடனே இறங்கிவிட்டது.

மடுவம்_தலவாக்கலை | செவ்வாய், பகல் 1.15

நன்றி தம்பி. நேற்றிரவே சேர்த்து, இன்று காலை நிறுவைக்கு முன் வெறும் கல்லை வைத்துச் சோதித்தேன். புரொசசர் பயன்பாடு 3 சதவீதத்துக்கு வந்தது, மகிழ்ந்துதான் போனேன். ஆனால் 20 கிலோ கல்லைத் தராசில் வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது, திரையில் 20 என்ற எண் வருவதற்கு ஏறத்தாழ அரை நிமிடம் எடுத்தது. முன்னர் பகலில்தான் வந்த பின்னடைவு இப்போது முதல் நிமிடத்திலேயே வந்துவிட்டது. நிறுவை தொடங்குவதற்குள் அந்த வரியை எடுத்துவிட்டேன். ஏன் இப்படி ஆனது என்று எனக்கு விளங்கவில்லை.

ஊவா_கணிதம் | செவ்வாய், மாலை 6.30

வணக்கம். நான் பண்டாரவளையில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். நீங்கள் எண்களை ஒழுங்காகத் தந்திருப்பதால் கணக்குப் போட்டே பேசலாம். கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போடுவதைப் போலவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

9600 பாட் வேகத்தில் ஒரு பைட்டுக்குத் தொடக்கப் பிட், எட்டுத் தரவு பிட், நிறுத்தப் பிட் என்று பத்துப் பிட் போகிறது. ஆகவே அந்த வடத்தில் வினாடிக்கு 960 பைட்டுக்கு மேல் வரவே முடியாது. உங்கள் தராசு அனுப்புவதோ வினாடிக்குப் பத்து வரி, வரிக்கு 18 எழுத்து, மொத்தம் 180 பைட். பை 3 பலகையில் 1.2 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள நான்கு கோர்கள் இருக்கின்றன. 180 பைட் என்பது அதற்கு ஒரு வேலையே அல்ல. எனவே தரவு கூடிப் போனதால் புரொசசர் திணறவில்லை என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் 100% எங்கிருந்து வருகிறது? டைம்அவுட் 0 என்றால் "இருப்பதைக் கொடு, இல்லாவிட்டால் உடனே வெறுங்கையோடு திருப்பி அனுப்பு" என்று பொருள். நானு ஓயா புகையிரத நிலையத்தில் ஒருவர் வாங்கில் அமராமல், வண்டி வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று நிலைய அதிபரின் கதவை ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பதைப் போன்றது இது. உங்கள் நிரல் வினாடிக்கு 180 முறை "ஆம்" என்ற பதிலைப் பெறுவதற்காகப் பல்லாயிரம் முறை "இல்லை" என்ற பதிலைப் பெறுகிறது. பை 4 வாங்கினால் அதே கதவை இன்னும் வேகமாகத் தட்டும். அங்கேயும் டாப் கட்டளை 100% என்றே காட்டும். தயவுசெய்து அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இனி உறக்கம். தம்பி சொன்னது அவருடைய கருவிக்குப் பொருந்தியிருக்கலாம். அது எப்போதாவது ஒரு வரி அனுப்பும் கருவியாக இருக்கும். உங்கள் நிரல் ஒரு சுற்றுக்கு ஒரு பைட் மட்டுமே படிக்கிறது. சுற்றுக்கு 10 மில்லி வினாடி உறங்கினால் வினாடிக்கு 100 பைட்டுக்கு மேல் படிக்க முடியாது. வருவது 180, போவது 100. வினாடிக்கு 80 பைட் தேங்குகிறது. 45 வினாடியில் 3,600 பைட் தேங்கிவிடும்; அப்போது திரையில் நீங்கள் பார்ப்பது 20 வினாடிக்கு முந்திய நிறை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஒரு போர்ட்டுக்கு வைத்திருக்கும் வாசிப்பு பஃபர் (படிக்கப்படும்வரை தரவு காத்திருக்கும் இடம்) 4,096 பைட் என்பதால், சற்று நேரத்தில் அதுவும் நிரம்பி, தரவு பின்னால் முட்டி நிற்கத் தொடங்கும். அப்படி நிரம்பிய வரிசையின் கடைசியில் வந்து சேரும் ஒரு பைட், வினாடிக்கு 100 என்ற வேகத்தில் தன் முறை வரும்வரை 40 வினாடிக்கு மேல் காத்திருக்கும். உங்கள் 20 கிலோ கல்லுக்கு நேர்ந்தது இதுதான்.

மூன்றாவதாக, பகலில் வரும் பின்னடைவு. இது முதல் நிமிடத்திலேயே இருக்கும் 100% உடன் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டும் வேறு வேறு பிழைகள். வந்த எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போகும் அந்தச் சரம் எப்போதாவது வெட்டப்படுகிறதா என்று பாருங்கள். வெட்டப்படாவிட்டால் காலை 6 மணியிலிருந்து பகல் 12 மணிக்குள் அதில் 216,000 வரிகள் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு புதிய வரிக்கும் அத்தனை வரிகளையும் மீண்டும் பிரிக்கிறது நிரல். அடுத்த வரி வருவதற்கு இருப்பது 100 மில்லி வினாடி மட்டுமே. பிரிக்கும் நேரம் அதைத் தாண்டிய கணத்திலிருந்து பின்னடைவு தொடங்கி ஏறிக்கொண்டே போகும். அணைத்துப் போட்டால் சரியாவதற்கும் காரணம் அதுவே.

இவை என் ஊகங்கள். நாளைக் காலை கணினியைப் போட்டதும், நிரல் கர்னலிடம் விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கட்டளையை எண்ணிக்கை காட்டும் முறையில் பத்து வினாடி அந்த நிரலின் மேல் ஓடவிட்டு, எத்தனை அழைப்புகள் என்று பாருங்கள். பகலில் அந்தச் சரத்தின் நீளத்தை ஒரு முறை அச்சிட்டுப் பாருங்கள். இரண்டு எண்களும் கிடைத்தால் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

கண்டி_நிரலர் | செவ்வாய், இரவு 10.20

ஆசிரியை சொன்னதோடு ஒரு சேர்க்கை, விண்டோஸில் இதே சிக்கலோடு இங்கே வரக்கூடியவர்களுக்காக. லினக்ஸின் டாப் கட்டளை ஒரு கோர் முழுவதும் பிடிபட்டால் 100% என்று காட்டும். நான்கு கோர் உள்ள விண்டோஸ் கணினியின் டாஸ்க் மேனேஜர் அதையே 25% என்று காட்டும். "25 தானே, பரவாயில்லை" என்று பலர் விட்டுவிடுவதை நான் கண்டிருக்கிறேன். எண் 25 இலேயே அசையாமல் நிற்கிறது என்றால் ஒரு கோர் முழுவதும் வீணாகச் சுற்றுகிறது என்று கொள்ளுங்கள்.

1998 இல் வந்த விஷுவல் பேசிக் 6 இல் எழுதிய நிறுவை நிரல்கள் நம் தொழிற்சாலைகளில் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் சீரியல் போர்ட்டைக் கையாளும் எம்எஸ்காம் கட்டுப்பாட்டின் ஆர்திரெஷோல்ட் என்ற பண்பு 0 என்று விடப்பட்டிருந்தால், தரவு வந்த செய்தி நிரலுக்குக் கிடைக்காது; அதனால் எழுதியவர் டூஈவென்ட்ஸ் போட்டு ஒரு லூப்பைச் சுற்றவிட்டிருப்பார். அந்த எண்ணை 1 ஆக்கி, தரவு வந்ததும் எழும் ஆன்காம் நிகழ்வுக்குள் படிக்கும் வேலையை மாற்றினாலே போதும். டாட்நெட்டில் இதற்கு இணையானது டேட்டாரிசீவ்ட் நிகழ்வு. அது வேறொரு திரெட்டில் ஓடும் என்பதால், திரையிலுள்ள பெட்டிகளை அதற்குள்ளிருந்து நேரடியாகத் தொடக் கூடாது.

மடுவம்_தலவாக்கலை | புதன், பகல் 12.50

ஆசிரியை அவர்களுக்கு மிக்க நன்றி. காலையில் பத்து வினாடி பார்த்தேன். செலக்ட் என்ற அழைப்பு 60 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ரீட் என்ற அழைப்பு 1,800 அளவில். நீங்கள் சொன்ன வினாடிக்கு 180 என்ற கணக்கு அப்படியே வந்து நின்றதைப் பார்த்தபோது உடல் சிலிர்த்தது.

சற்று முன் சரத்தின் நீளத்தை அச்சிட்டேன்: 38 இலட்சம் எழுத்துகளுக்கு மேல். நிரல் முழுவதிலும் அதை வெட்டும் வரி ஒன்றுகூட இல்லை.

இனி எப்படி மாற்றி எழுதுவது என்று சொல்லித் தர வேண்டும்.

ஊவா_கணிதம் | புதன், மாலை 7.10

செலக்ட் என்பதுதான் கதவைத் தட்டும் சத்தம். பைசீரியல் லினக்ஸில் படிப்பதற்கு முன் அந்த அழைப்பின் மூலம் தரவு இருக்கிறதா என்று கர்னலிடம் விசாரிக்கும். டைம்அவுட் 0 என்றால் கர்னல் உடனே பதில் சொல்லி அனுப்பிவிடும். டைம்அவுட்டை 1 வினாடி என்று மாற்றினால் கர்னல் உங்கள் நிரலை உறங்க வைத்துவிட்டு, பைட் வந்த கணத்தில் எழுப்பும். அதுவரை புரொசசர் வேறு வேலைக்குப் போகலாம், அல்லது ஓய்வாக இருக்கலாம். நீங்களாகப் போடும் உறக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்: நீங்கள் போடும் உறக்கம், தரவு வந்துவிட்டாலும் நேரம் முடியும்வரை கலையாது, கர்னல் தரும் உறக்கம் தரவு வந்ததும் கலைந்துவிடும். ஆகவே இதில் பின்னடைவு சேர்வதில்லை.

எழுதும் முறை இது. டைம்அவுட் 1. ஒவ்வொரு சுற்றிலும், போர்ட்டில் காத்திருக்கும் பைட்டுகளின் எண்ணிக்கையை இன்_வெயிட்டிங் என்ற பண்பிலிருந்து பாருங்கள். அது 0 ஆக இருந்தால் 1 பைட் கேளுங்கள், இல்லாவிட்டால் இருக்கும் அத்தனையையும் ஒரேயடியாகக் கேளுங்கள். இதனால் ஒன்றும் இல்லாதபோது நிரல் உறங்கும். எழுந்ததும் கையில் அள்ளக்கூடியதை எல்லாம் அள்ளிக்கொள்ளும். அள்ளியதைப் பஃபரில் சேர்த்து, அதற்குள் வரி முடிவு இருக்கும்வரை ஒவ்வொரு வரியாக வெட்டி எடுத்துவிட்டு, மீந்திருக்கும் அரைகுறை வரியை மட்டும் அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்தச் சரம் சில பத்து எழுத்துகளுக்கு மேல் ஒருபோதும் வளராது.

ரீட்லைன் என்ற ஆயத்த முறையை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று யாராவது கேட்கலாம். தாராளமாகப் பயன்படுத்தலாம். பைசீரியலில் அது உள்ளே ஒவ்வொரு பைட்டாகத்தான் படிக்கிறது. வினாடிக்கு 180 பைட்டுக்கு அது பொருட்டல்ல. ஆனால் 115200 பாட் வேகத்தில் ஓயாமல் அனுப்பும் கருவிக்கு, வினாடிக்கு 11,520 பைட் என்ற கணக்கில், அதுவே பெரிய சுமையாகிவிடும். எதற்கும் பொருந்தும் முறையைப் பழகிக்கொள்வது நல்லது என்பதால் மேலே சொன்னதை எழுதினேன்.

உங்களுடையது எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ள யூஎஸ்பி மாற்றியாக இருந்தால், அது வழமையாக 16 மில்லி வினாடிவரை பைட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒன்றாக அனுப்பும். உங்கள் 18 எழுத்து வடத்தில் வந்து முடிய 18.75 மில்லி வினாடி ஆகும். ஆகவே ஒரு வரி இரண்டு பொட்டலமாக வரும் என்று வைத்துக்கொள்ளலாம். நிரல் வினாடிக்கு இருபது முறை அளவில் விழித்தால் போதும். அந்தக் காத்திருப்பை 1 மில்லி வினாடிக்குக் குறைக்கும்படி பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கேள்விக்குப் பதில் என்று மாறிமாறிப் பேசும் கருவிகளுக்கு அது தேவை. உங்கள் தராசுக்குத் தேவையில்லை.

மஸ்கெலியா_வெளிக்களம் | வியாழன், காலை 5.50

நான் நிரல் எழுதத் தெரிந்தவன் அல்லன். பதினாறு வருடம் வெளிக்கள உத்தியோகத்தராக மடுவத்தில் நின்றவன். ஆசிரியை அவர்களின் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். புரொசசர் குளிர்ந்தால் மட்டும் போதாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

சாக்கு கொக்கியில் மாட்டப்பட்டதும் அது ஆடும். ஆடும்போது எண் 16.4, 17.1, 16.8 என்று ஏறி இறங்கும். கொழுந்து எடுக்கும் அம்மா, தலையில் கட்டிய கயிற்றை அவிழ்த்த கையோடு, எட்டி அந்த எண்ணைத்தான் பார்ப்பார். அவர் பார்த்த எண்ணும் அவருடைய பேரில் பதிந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தராசு அனுப்பும் வரியில் நிறை நின்றுவிட்டது என்பதற்குக் குறி இருக்கிறது என்கிறீர்கள். அந்தக் குறி இல்லாத எந்த எண்ணையும் பேரில் போடாதீர்கள். ஒருவரின் பேரை அழுத்தியதற்கு முன் வந்த எண் எதுவும் அவருக்குச் சேரக் கூடாது. அழுத்திய பின் புதிதாக வந்த எண்தான் சேர வேண்டும். ஒரு சாக்கு இறங்கித் தராசு பூச்சியத்துக்கு வராமல் அடுத்த பேருக்குப் போக நிரல் இடம் கொடுக்கக் கூடாது.

அரைக் கிலோ என்பது எங்களுக்குச் சிறிய தொகை போலத் தெரியலாம். ஈரக் கொழுந்து என்றும் சாக்குக்கு என்றும் ஏற்கெனவே கழிக்கப்பட்டது போக, நாள் முழுக்க மலையில் நின்றவருக்கு அது சிறியதன்று.

ஊவா_கணிதம் | வியாழன், காலை 6.40

ஐயா சொன்னதை நிரலில் இப்படிக் கொண்டுவரலாம்: பேரை அழுத்தியதும் உள்வரும் பஃபரை ஒரு முறை வெறுமையாக்கிவிட்டு, அதன் பின் வரும் முதல் வரி நடுவில் அறுந்ததாக இருக்கக்கூடும் என்பதால் அதை விட்டுவிட்டு, நிலையான குறியோடு தொடர்ந்து மூன்று வரிகள் ஒரே எண்ணைச் சொன்னால் மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வினாடிக்குப் பத்து வரி வருவதால், சாக்கு நின்ற பிறகு அரை வினாடிக்குள் முடிந்துவிடும். வெறுமையாக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் 17 கிலோவே சாட்சி.

மடுவம்_தலவாக்கலை | ஞாயிறு, இரவு 8.15

மூன்று நாட்கள் ஓடவிட்டுப் பார்த்த பிறகு எழுதுகிறேன். புரொசசர் பயன்பாடு 1 சதவீதத்துக்கும் 2 சதவீதத்துக்கும் இடையில் நிற்கிறது. பெட்டிக்குள் 74 ஆக இருந்த வெப்பநிலை 51 பாகை. காலையில் போட்டதை மாலைவரை அணைக்கவே இல்லை. மாலை நிறுவையிலும் கல்லை வைத்ததும் எண் வருகிறது. ஐயா சொன்ன மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துவிட்டேன். பை 4 கோரிக்கையை எழுதி வைத்திருந்தேன், கொடுக்கவில்லை.

மடுவம்_தலவாக்கலை | அடுத்த வாரம் செவ்வாய், இரவு 9.30

மன்னிக்க வேண்டும், மீண்டும் வந்திருக்கிறேன். இன்று பிற்பகல் மழையோடு மின்சாரம் நின்றது. கணினி சிறு யுபிஎஸ் ஒன்றில் இருப்பதால் அணையவில்லை. மின்பிறப்பாக்கியைப் போட்ட சில நிமிடங்களில் பயன்பாடு மறுபடியும் 100% ஆகிவிட்டது. அதைவிடப் பயந்தது வேறொன்றுக்கு: திரையில் 14.6 என்ற எண் அப்படியே நின்றது. மூன்று வரிகள் புதிதாக வந்தால்தான் ஏற்க வேண்டும் என்று வைத்திருந்ததால் யாருடைய பேரிலும் பிழையாக எதுவும் பதியவில்லை. ஆனால் எண் உயிரோடு இருப்பதைப் போலத் தெரிந்ததால், கோளாறு என்று விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. மாலை நிறுவையைக் கைப்புத்தகத்தில் எழுதி முடித்தோம். இப்போது டைம்அவுட் 1 என்றுதானே இருக்கிறது? ஏன் சுற்றுகிறது?

பற்றாசு | செவ்வாய், இரவு 10.45

ஹப்புத்தளையிலிருந்து எழுதுகிறேன், தொழிற்சாலைகளின் மின்னணுக் கருவிகளைத் திருத்துவது என் தொழில். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கடைசி வரிகளைப் பாருங்கள். யூஎஸ்பி ஹப் அந்த மாற்றியைத் துண்டித்துவிட்டதாகவும், அதற்கு ஈஎம்ஐ (மின்காந்தக் குறுக்கீடு) காரணமோ என்ற கேள்விக்குறியோடும் ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். மின்பிறப்பாக்கி ஓடத் தொடங்கும்போது எழும் அந்தக் குறுக்கீட்டில் மாற்றி ஒரு கணம் விழுந்து மீண்டும் எழுந்திருக்கும். பழைய போர்ட்டை உங்கள் நிரல் இன்னும் விடாமல் பிடித்திருப்பதால், திரும்பி வந்த மாற்றிக்கு டிடிஒய்யூஎஸ்பி 0 என்ற பெயர் கிடைக்காமல் 1 என்ற பெயர் கிடைத்திருக்கும்.

இனி, ஏன் சுற்றுகிறது என்பது. செத்துப்போன போர்ட்டைப் பற்றிச் செலக்ட் விசாரித்தால் கர்னல் உறங்க வைக்காது. "படிக்கலாம்" என்று உடனே சொல்லும். படித்தால் ஒன்றும் இருக்காது. பைசீரியல் இதைக் கண்டுபிடித்து, கருவி துண்டிக்கப்பட்டிருக்கலாம் என்று ஒரு பிழையை எழுப்பும். உங்கள் முதல் பதிவிலேயே, எந்தப் பிழை வந்தாலும் பேசாமல் கடந்து போகும் பொறி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது அந்தப் பிழையை விழுங்கிவிட்டு லூப்பின் தொடக்கத்துக்குப் போகிறது. உடனே மறுபடியும் அதே பிழை. டைம்அவுட் எத்தனை வினாடி என்று வைத்தாலும் இங்கே வேலை செய்யாது.

அந்தப் பொறியை எடுத்துவிடுங்கள். போர்ட் பிழையை மட்டும் பிடித்து, பதிவேட்டில் நேரத்தோடு எழுதி, போர்ட்டை மூடி, 2 வினாடி பொறுத்து, மீண்டும் திறக்க முயலுங்கள். உறக்கத்துக்குச் சரியான இடம் இதுதான். திறக்கும்போது 0, 1 என்ற எண்ணை நம்பாமல், கருவியின் அடையாளத்தைக் கொண்டு லினக்ஸ் தானே உருவாக்கும் பெயர்களைப் பயன்படுத்துங்கள். அவை டெவ் அடைவுக்குள் சீரியல் என்ற அடைவில் இருக்கும். சிஎச்340 சிப் உள்ள மலிவான மாற்றிகளில் பொதுவாகத் தொடர் இலக்கம் இருக்காது. அவற்றில் இரண்டைப் பொருத்தியிருந்தால் அடையாளப் பெயர் இரண்டுக்கும் ஒன்றாகிவிடும். அப்போது எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதைச் சொல்லும் பாதைப் பெயரைப் பயன்படுத்த வேண்டும்.

வடத்தையும் பாருங்கள். எவ்வளவு நீளம், எதனோடு சேர்ந்து போகிறது?

மடுவம்_தலவாக்கலை | புதன், காலை 7.05

டிமெசேஜ் வரி நீங்கள் சொன்னபடியே இருக்கிறது ஐயா, கேள்விக்குறி உட்பட. வடம் 12 மீற்றர் இருக்கும். மின்பிறப்பாக்கியிலிருந்து வரும் மின் வடத்தோடு சேர்த்து ஒரே கட்டாகக் கூரை மரத்தில் கட்டியிருக்கிறார்கள்.

பற்றாசு | புதன், காலை 7.30

ஆர்எஸ்-232 க்கு 15 மீற்றர்வரை என்பது பழைய கணக்கு, நீளத்தில் தவறில்லை. கட்டியிருக்கும் இடம்தான் தவறு. இரண்டையும் பிரித்து ஒரு முழமாவது இடைவெளி விடுங்கள்; குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். கவசமுள்ள வடமாக மாற்றி, கவசத்தைத் தராசுப் பக்கத்தில் மட்டும் நிலத்தோடு இணையுங்கள். மாற்றியின் இருபுறமும் குறுக்கீட்டை அடக்கும் ஃபெரைட் வளையம் போடுங்கள். பிறகொரு நாள் தராசை அலுவலகத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்தத் தூரத்துக்கு இதே வடத்தை நீட்டாதீர்கள். 1,200 மீற்றர்வரை போகக்கூடிய ஆர்எஸ்-485 என்ற இணைப்பு முறைக்கு மாறுங்கள்.

ஊவா_கணிதம் | புதன், பகல் 2.00

திரையில் நின்றுவிட்ட 14.6 பற்றி. டைம்அவுட் 1 வினாடி என்பதால், தரவு நின்றால் உங்கள் லூப்புக்கு ஒரு வினாடி கழித்து வெற்றுப் பதில் வரும், அல்லது இப்போது பிழை வரும். இந்த இரண்டில் எது நடந்தாலும் திரையில் உள்ள எண்ணை அழித்து, தராசிலிருந்து செய்தி இல்லை என்று பெரிய எழுத்தில் காட்டுங்கள். ஒரு வினாடிக்கு மேல் பழையதான நிறை திரையில் இருக்கவே கூடாது.

மடுவம்_தலவாக்கலை | சனி, இரவு 8.50

வடத்தைப் பிரித்துக் கட்டினோம். கவச வடம் இன்னும் வரவில்லை, ஃபெரைட் வளையங்களை ஹட்டனில் வாங்கிப் போட்டுவிட்டேன். பிழைப்பொறியை மாற்றி, அடையாளப் பெயரால் போர்ட்டைத் திறக்கும்படி எழுதினேன்.

இன்று பிற்பகல் நிறுவை இல்லாத நேரத்தில் மின்பிறப்பாக்கியை ஆறு முறை போட்டு அணைத்துப் பார்த்தோம். ஐந்து முறை ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது முறை மாற்றி விழுந்தது. திரையில் எண் அழிந்து "தராசிலிருந்து செய்தி இல்லை" என்று வந்தது. மூன்று வினாடிக்குள் போர்ட் தானாகத் திறந்து 0.0 என்று காட்டியது. அந்த நேரம் முழுவதும் டாப் கட்டளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயன்பாடு 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. கவச வடம் வந்ததும் மீண்டும் சோதிப்பேன்.

மாலை நிறுவைக்கு முதலில் வந்தவர், அன்று 17 கிலோவைத் தொலைக்க இருந்த அதே அம்மா. சாக்கு ஆடி நின்றது. தராசில் 15.8. அவர் திரும்பிக் கணினித் திரையைப் பார்த்தார், அங்கேயும் 15.8, பக்கத்தில் அவருடைய பேர். "சரி, போடுங்க தம்பி" என்றார். நான் அழுத்தினேன்.